பூனைக்காக அழுதா முருகன் கோவிச்சுக்குவானா?

ஓம் சரவணபவ.



போன ஐப்பசி கந்த சஷ்டிக்கு நான் குமரகோட்டம் போகல. ஆறு நாளும் போகல. சூரசம்ஹாரத்துக்கும் போகல. காலேஜ் முடிச்சதுல இருந்து ஒரு வருஷம் கூட விட்டதில்ல, இதுதான் முதல் தடவை. "என்னப்பா, ஊர்ல இல்லையா? உடம்பு சரியில்லையா?"ன்னு நிறைய பேர் கேட்டீங்க. ஆபீஸ்ல ரிலீஸ் இருக்குன்னு ஒரு பொய் சொல்லி வச்சேன். சாமி விஷயத்துல பொய் சொன்னது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. இன்னைக்கு உண்மையைச் சொல்லிடறேன். எங்க வீட்டுப் பூனை சாகக் கிடந்துச்சு. அதை விட்டுட்டு வர முடியல.

சிரிக்கறவங்க சிரிச்சுக்கலாம், வருத்தமில்ல. இந்தப் பதிவு ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து, பூனை மூச்சு விடுதான்னு செல்போன் டார்ச் அடிச்சுப் பார்த்தவங்களுக்கு. அது போனதுக்கப்புறம் "ஒரு பூனைக்குப் போயா இப்படி?"ன்னு நாலு பேர் கேட்டதால, பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு அழுதவங்களுக்கு.

அவ பேரு வள்ளி. அவ வந்தப்ப நான் ஏழாவது படிச்சேன். எங்க வீடு தறி வீடு. அப்பா குழித்தறியில கோர்வைப் புடவை நெய்யறவர். தெருவுல பாவு நீட்டிக் கஞ்சி போடற ஊர்ல எலிக்குக் கேக்கணுமா? கஞ்சி வாசனைக்கு வரும், பட்டு நூலைக் கடிச்சு வச்சிட்டுப் போகும். ஒரு பாவுல ஆயிரக்கணக்குல இழை. ஒரு எலி ஒரு ராத்திரி பண்ற சேதத்தை இழை இழையா முடிச்சுப் போட்டுச் சரி பண்ண நாள் கணக்கா ஆகும். அதனால எங்க வீட்டுல பூனைங்கிறது செல்லம் கொஞ்சறதுக்கு வந்தது இல்ல. வேலைக்கு வந்த ஆள்.

பேரு வச்சது எங்க ஆயா. பக்கத்து வீட்டுல ஒரு பெரியம்மா, "சாமி பேரைப் போய்ப் பூனைக்கு வைக்கறியே"ன்னு கேட்டாங்க. ஆயா அசரல. "வள்ளியம்மாவே மான் வயித்துல பொறந்தவதானே? அவளுக்கென்ன கோவம் வரப்போகுது?"ன்னுட்டாங்க.

அப்ப எனக்கு அது ஜோக்கா இருந்துச்சு. இப்ப யோசிச்சா ஆயா சொன்னதுல எவ்வளவு இருக்கு பாருங்க. கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் எழுதி அரங்கேத்தினது எங்க குமரகோட்டத்துல. அந்தப் புராணத்துல வள்ளி ஒரு மான் ஈன்ற குழந்தை. தெய்வானையை வளர்த்தது ஐராவதம்ங்கிற வெள்ளை யானை. நம்ம சாமியோட ரெண்டு பக்கமும் நிக்கறவங்க ரெண்டு பேருமே ஒரு மிருகத்தோட மடியில இருந்து வந்தவங்க. ஏறி உட்கார மயில். கொடியில சேவல். அந்த மயிலும் சேவலும் யாருன்னு உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல, மாமரமா நின்ன சூரன். எதிரியைக் கூட மிருகமா மாத்தித் தன் கூடவே வச்சுக்கிட்ட சாமி அவர். பூனை மட்டும் அந்த லிஸ்ட்ல இல்லையேன்னு எனக்கு ஒரு சின்ன வருத்தம் இருந்துச்சு. அதுக்குப் பின்னாடி வரேன்.

வள்ளிக்கு வெயில் காலத்துல தறிக்குழிதான் படுக்கை. மண்ணு ஜில்லுன்னு இருக்கும். அப்பா குழியில காலை இறக்கறதுக்கு முன்னாடி குனிஞ்சு ஒரு பார்வை பார்த்துட்டுத்தான் மிதியில கால் வைப்பார். பதினாறு வருஷம் அப்படிப் பார்த்தார்.

வயசாகறது பூனைக்கு வெளியில தெரியாது. அதுதான் பிரச்சனை. வலியை மறைக்கறது பூனையோட சுபாவம். பத்து, பதினோரு வயசு தாண்டினாலே அது முதியவர் கணக்குதான். பதினஞ்சு வயசுப் பூனைன்னா மனுஷக் கணக்குல கிட்டத்தட்ட 76 வயசுன்னு டாக்டருங்க சொல்றாங்க. நாங்க அதை யோசிக்கவே இல்ல. பரண் மேல ஏறறதை நிறுத்தினா. "சோம்பேறி ஆயிட்டா"ன்னோம். நகம் தரையில டக் டக்குன்னு தட்டுச்சு, முதுகுல முடி சிக்குப் பிடிச்சுது. "வயசாச்சு"ன்னோம். தண்ணிக் கிண்ணத்தை ஒரு நாளைக்கு மூணு தடவை காலி பண்ணா. "காஞ்சிபுரம் வெயிலுக்கு யார்தான் குடிக்கமாட்டாங்க"ன்னோம். இந்தக் கடைசி ஒண்ணை நினைச்சா எனக்கு இப்பவும் வயிறு கலங்கும்.

ஏன்னா வயசான பூனை திடீர்னு நிறைய தண்ணி குடிச்சு நிறைய சிறுநீர் கழிச்சு எடை இறங்கினா, முதல்ல சந்தேகப்பட வேண்டியது சிறுநீரகத்தை. சர்க்கரையோ தைராய்டோ கூட இருக்கலாம், ரத்தப் பரிசோதனையிலதான் தெரியும். சிறுநீரகத்துல மூணுல ரெண்டு பங்குக்கு மேல வேலை செய்யாம போனதுக்கப்புறம்தான் வெளியில அறிகுறியே காட்டும். நாங்க டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனப்ப வள்ளி ரெண்டரை கிலோ. ரிசல்ட்டைப் பார்த்துட்டு டாக்டர் மேடம் என்னைத் திட்டல. "இதைச் சரி பண்ண முடியாது, தள்ளிப் போடலாம், வசதியா வச்சுக்கலாம்"னு மட்டும் சொன்னாங்க. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அதுக்கப்புறம் எட்டு மாசம் இருந்தா. அந்த எட்டு மாசம் கத்துக்கிட்டதைச் சொல்றேன், யாருக்காவது உதவும். தண்ணியை ஒரே இடத்துல வைக்காம நாலு இடத்துல வச்சோம். உலர்ந்த தீனியைக் குறைச்சு ஈரமான சாப்பாடு, அதையும் லேசா சூடு பண்ணிக் கொடுத்தா வாசனைக்குச் சாப்பிட்டா. மண் தட்டோட விளிம்பை அப்பா ஒரு பக்கம் அறுத்துத் தாழ்த்திக் கொடுத்தார், மூட்டு வலியில காலைத் தூக்கி வைக்க முடியலன்னு. பால் நிறுத்தியாச்சு. பூனைன்னா பால்னு நாம நினைக்கறோம், வளர்ந்த பூனைங்களுக்கு அது பெரும்பாலும் செரிக்காது, வயித்தால போகும். சாமி ரூம்ல கற்பூரத்தை மூடி போட்ட டப்பாவுல பத்திரப்படுத்தினோம், அது பூனை வயித்துக்குள்ள போனா விஷம். ஆயா தினமும் அவ நெத்தியில விபூதி வைப்பாங்க, அவ உடனே கையை நக்கி நக்கித் துடைச்சிடுவா. அது மட்டும் கடைசி வரைக்கும் நடந்துச்சு.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேக்கறேன். பூனைக்கு ஜுரமா வலியான்னு உங்க மனசு துடிச்சாலும் பாராசிட்டமால் கொடுத்துடாதீங்க. நம்ம வீட்டு அலமாரியில இருக்கற அதே மாத்திரைதான். ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லும். அதே மாதிரி ரெண்டு நாள் சாப்பிடலன்னா "விரதம் இருக்கு"ன்னு சிரிச்சுக்கிட்டு விடாதீங்க, கல்லீரல் கெட்டுப் போகும். சிறுநீர் வராம முக்கிக்கிட்டே இருந்தா அன்னைக்கே ஓடுங்க. எங்க டாக்டர் முடியாதுன்னு சொன்ன ஒரு ஸ்கேனுக்கு நான் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வள்ளியைக் கூடையில வச்சு எடுத்துட்டுப் போனேன். 1903-ல ஆரம்பிச்ச கல்லூரி. நம்மள மாதிரி ஒரு கூட்டமே அங்க உட்கார்ந்திருக்கும், கிழ நாயை மடியில வச்சுக்கிட்டு ஒரு ஆட்டோக்கார அண்ணன், கூண்டுல கிளியோட ஒரு பாட்டி. அங்க யாரும் "பூனைக்கா?"ன்னு கேக்கல.

ஊர்லதான் கேட்டாங்க. அதுவும் எந்த ஊர்ல? வரதராஜப் பெருமாள் கோயில்ல தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொடறதுக்கு வரிசையில நிக்கற ஊர்ல! பூனை விஷயத்துல இந்த ஊர்க்காரங்க பேசவே கூடாது. வைணவத்துல சரணாகதிக்குப் பூனையை வச்சுத்தானே ஒரு பெரிய விவாதமே? குரங்குக்குட்டி தாயை இறுக்கிப் பிடிச்சுக்கும், அந்த மாதிரி நம்ம பக்கமும் ஒரு முயற்சி வேணும்னு வடகலை. பூனைக்குட்டி ஒண்ணும் செய்யாது, தாய்தான் வாயால கவ்வித் தூக்கிட்டுப் போகும், அந்த மாதிரி விட்டுடுன்னு தென்கலை. வடகலைக்குப் பெரிய ஆசார்யரான வேதாந்த தேசிகர் 1268-ல பிறந்த தூப்புல் எங்க ஊர்லதான் இருக்கு.

எனக்கு இந்த நியாயம் புரிஞ்சது புத்தகத்துல இல்ல. சிறுநீரகம் போன பூனைக்கு உடம்புல நீர் நிக்காது. அதனால தோலுக்கு அடியில சலைன் ஏத்தணும். வீட்டுலயே செய்யலாம்னு டாக்டர் கத்துக்கொடுத்தாங்க. எங்க ஊசி போடணும்னு கேட்டேன். ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல, பிடரி பக்கம் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடிக்கச் சொன்னாங்க. கிட்டத்தட்ட அதே இடம். குட்டியா இருந்தப்ப அவ அம்மா அவளைக் கவ்வித் தூக்கின தொளதொள தோல். பதினாறு வருஷத்துக்கப்புறம் அந்தத் தோலை நான் பிடிச்சேன். முதல் நாள் என் கைதான் நடுங்குச்சு. அவ நடுங்கல. அப்படியே உடம்பைத் தளர விட்டுட்டா.

நான் இத்தனை வருஷம் குரங்குக்குட்டி பக்திதான் பண்ணியிருக்கேன்னு அன்னைக்குத் தெரிஞ்சுது. செவ்வாய்க்கிழமை தவறாம கோயில், சஷ்டிக்கு விரதம், நாளைக்கு முப்பத்தாறு தடவை கவசம் சொல்லிடணும்னு கணக்கு, அதுக்கு போன்ல ஒரு கவுண்ட்டர் ஆப். எல்லாம் நான் பிடிச்சுக்கற பிடி. விட்டா விழுந்துடுவேன்னு ஒரு பயம். வள்ளிகிட்ட அந்தப் பயம் இல்ல.

சஷ்டி ஆரம்பிச்ச அன்னைக்குக் காப்புக் கட்டப் போகணும்னு குளிச்சிட்டு வந்தேன். வள்ளி சாப்பாட்டைப் பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டா. அவ சாப்பிடாத ரெண்டாவது நாள் அது. அம்மா வாசல்ல நின்னு "நீ போயிட்டு வா, நான் பார்த்துக்கறேன்"னாங்க. செருப்பு வரைக்கும் போனேன். திரும்பி வந்துட்டேன். அன்னைக்கு முருகன் மேல எனக்குக் கோவம். சும்மா இல்ல, நிஜக் கோவம். குமரகோட்டத்துல அவர் எப்படி உட்கார்ந்திருக்கார்னு பார்த்தவங்களுக்குத் தெரியும். கையில வேல் இல்ல. அட்சமாலையும் கமண்டலமும். பிரணவத்துக்குப் பொருள் தெரியாத பிரம்மாவைச் சிறையில போட்டுட்டு, படைக்கற தொழிலைத் தானே எடுத்துச் செஞ்ச கோலம். அந்தச் சன்னதியை நினைச்சுக்கிட்டு மனசுக்குள்ள கேட்டேன்: படைப்பையே கையில எடுத்த உனக்கு ஒரு பூனையோட சிறுநீரகம் பெரிய வேலையா?

பதில் எதுவும் வரல. கனவு வரல, அசரீரி கேக்கல. அப்படி எதையாவது எழுதினா நிறைய பேர் பகிர்வீங்கன்னு தெரியும், ஆனா நடக்கல. ஆனா அந்தக் கதையையே திரும்பத் திரும்ப யோசிச்சப்ப ஒண்ணு பட்டுச்சு. முருகன் படைப்புத் தொழிலைப் பார்த்தார்னுதான் அதுல இருக்கு. சாவை நிறுத்தினார்னு இல்ல. கடைசியில அந்த வேலையையும் பிரம்மாகிட்டயே திருப்பிக் கொடுத்துடறார். அப்ப நான் கேக்க வேண்டியது வேற ஏதோ. அது என்னன்னு அப்பத் தெரியல.

லீவு கேக்கணுமே. என் டீம்ல ஒரு பெங்காலி அக்கா சீனியர். பூனைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு, ஆனாலும் அவங்ககிட்ட சொல்லிட்டேன். அவங்க சிரிக்கல. "இப்ப உங்க சஷ்டி நடக்குதுல்ல? எங்க ஊர்ல சஷ்டின்னு ஒரு தேவி இருக்கா, குழந்தைங்களைக் காப்பாத்தறவ. அவளுக்கு வாகனமே பூனைதான். நீ பூனை பக்கத்துல இரு, நான் பார்த்துக்கறேன்"னாங்க.

எனக்கு அப்படியே நின்னுபோச்சு. அன்னைக்கு ராத்திரி வள்ளி பக்கத்துல உட்கார்ந்து தேடித் தேடிப் படிச்சேன். வங்காளத்துல வைகாசி மாச வாக்குல வர்ற வளர்பிறை சஷ்டிக்கு வீட்டு மாப்பிள்ளையைக் கூப்பிட்டு விருந்து வைக்கற பண்டிகை கூட அந்தத் தேவி பேர்லதான். அவ விரதக் கதை இப்படிப் போகுது: ஒரு வீட்டுல கடைசி மருமக, சாப்பாட்டைத் தானே திருடித் தின்னுட்டு பழியைப் பூனை மேல போடுவா. அந்தப் பூனை தேவியோட வாகனம். அவளுக்குப் பிறக்கற குழந்தைங்களை ஒவ்வொண்ணா தூக்கிட்டுப் போய் தேவிகிட்ட விட்டுடும். கடைசியில அவ அழுது மன்னிப்புக் கேட்டு, பூனையைக் கௌரவிச்சதுக்கப்புறம்தான் குழந்தைங்க திரும்பக் கிடைப்பாங்க. சரி, இந்தத் தேவி யாரு? மகாபாரதம் வனபர்வத்துல கந்தனுக்கு மனைவியான தேவசேனைக்குச் சொல்ற பேருங்கள்ல ஒண்ணு சஷ்டி. நம்ம தெய்வானை! அவளேதான் அங்க பூனை மேல வர்றா.

லிஸ்ட்ல பூனை இல்லையேன்னு வருத்தப்பட்டேன்ல? இருக்கு. நம்ம ஊர் லிஸ்ட்ல இல்ல, அவ்வளவுதான். மத்தபடி தமிழ்லயும் பூனைக்கு "பூசை"ன்னு ஒரு பழைய பேர் உண்டு. கம்பர் தன்னைப் பத்திச் சொல்லும்போது, பாற்கடலையே நக்கித் தீர்த்துடலாம்னு கிளம்பின பூனை மாதிரின்னு அந்தச் சொல்லைத்தான் போடறார். அன்னைக்கு ராத்திரி எனக்கு அது வேற மாதிரி கேட்டுச்சு. கோயில்ல சஷ்டி பூசை, வீட்டுல இந்தப் பூசை.

நாலாம் நாள் டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்தாங்க. வாயில புண், மூச்சு வாங்குது, உடம்பு ஜில்லுன்னு இருக்கு. "வலிக்கு மருந்து கொடுத்திருக்கேன், அது போதலன்னா தூங்க வைக்கறது நல்லது. யோசிச்சுச் சொல்லுங்க"ன்னாங்க.

இங்கதான் நண்பர்களே, நான் உடைஞ்சு போனேன். முருகபக்தன், சஷ்டி விரதத்துல இருக்கேன், ஒரு உயிரை எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடறதா? ஆயா கண்டிப்பா முடியாதுன்னுட்டாங்க. "விதி முடிஞ்சா தானா போவும். நீ யாரு?"ன்னு கேட்டாங்க. அப்பா ஒண்ணும் பேசல.

ரெண்டு பெரியவங்களோட வாழ்க்கையைப் படிச்சுப் பார்த்தேன். முதல்ல ரமண மகரிஷி. காவ்யகண்ட கணபதி முனிவர் அவரை முருகனோட அவதாரம்னே சொன்னார், உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். ஆசிரமத்துல மிருகங்களை "அது"ன்னு சொல்லமாட்டார், "அவன்", "அவ"ன்னுதான். 1926-ல கன்னுக்குட்டியா வந்த லட்சுமிங்கிற பசு, 1948 ஜூன் 18 வெள்ளிக்கிழமை, வயசாகி, சாகக் கிடந்தது. ரமணர் பக்கத்துல உட்கார்ந்து, ஒரு கையைத் தலை மேலயும் ஒரு கையை நெஞ்சு மேலயும் வச்சார். அவர் ஊசி போடச் சொல்லல. இருந்தார். அவ்வளவுதான். அப்புறம் சமாதி கட்டி, அவ முக்தி அடைஞ்சான்னு தன் கையால ஒரு பாட்டும் எழுதினார். திருவண்ணாமலைக்குப் போனா பார்க்கலாம், பசு லட்சுமி, ஒரு மான், ஒரு காக்கா, ஜாக்கிங்கிற நாய், வரிசையா சமாதி. அந்த மானோட பேரு என்ன தெரியுமா? வள்ளி. ஆயாகிட்ட இதைச் சொன்னப்ப, "நான் அப்பவே சொல்லல?"ன்னாங்க, ஏதோ ரமணரே ஆயாவைக் கேட்டுப் பேரு வச்ச மாதிரி.

இன்னொருத்தர் காந்தி. 1928-ல சபர்மதி ஆசிரமத்துல ஒரு கன்னுக்குட்டி காயப்பட்டு, பிழைக்க வழியில்லாம, வலியில துடிச்சுது. மருத்துவம் கைவிட்டதுக்கப்புறம் காந்தி பக்கத்துல நின்னு, டாக்டரை வச்சு ஊசி போட்டு அதை முடிச்சு வச்சார். நாடே கொந்தளிச்சுது. அகிம்சை பேசறவர் பசுவோட கன்னைக் கொன்னுட்டார்னு கோவமா கடிதம் குவிஞ்சுது. அவர் மறைக்கல, மன்னிப்பும் கேக்கல. தன் பத்திரிகையிலேயே எழுதி விளக்கம் சொன்னார்.

யார் சரி? நான் ரெண்டு ராத்திரி இதுலயே கிடந்தேன். எனக்குத் தோணினதைச் சொல்றேன், தப்பா இருந்தா பெரியவங்க திருத்துங்க. லட்சுமி முதுமையில அமைதியா அடங்கிக்கிட்டு இருந்தா. அந்தக் கன்னுக்குட்டி துடிச்சுது. ரெண்டு பேருமே தன்னோட கொள்கையைப் பார்க்கறதுக்கு முன்னாடி எதிர்ல கிடந்த உயிரைப் பார்த்தாங்க. ரெண்டு பேருமே அந்த இடத்தை விட்டு ஓடல. நான் வள்ளியைப் பார்க்காம என் பாவ புண்ணியக் கணக்கைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். ஆப்ல கவுண்ட்டர் ஓட்டற அதே புத்தி.

அஞ்சாம் நாள் ராத்திரி வலி மருந்து கேக்கல. அவ சத்தம் போடவே மாட்டா, அன்னைக்குப் போட்டா. பக்கத்துல உட்கார்ந்து சஷ்டி கவசம் சொன்னேன். தலையில ஆரம்பிச்சு ஒவ்வொரு அங்கமா வேல் காக்கணும்னு கேக்கற பாட்டுதானே அது. வழக்கமா என் உடம்பை நினைச்சுச் சொல்வேன். அன்னைக்கு அவ மேல கையை வச்சு, கண்ணு, காது, முதுகு, வயிறுன்னு தடவிக்கிட்டே சொன்னேன். ஒரே ஒரு தடவைதான் சொல்ல முடிஞ்சுது. முப்பத்தாறு எல்லாம் இல்ல. முடிக்கும்போது, "காப்பாத்து"ன்னு கேட்டுக்கிட்டு இருந்தவன் "கூட்டிக்கோ"ன்னு கேட்டுட்டேன். எப்ப மாறுச்சுன்னு தெரியல.

ஆறாம் நாள், சூரசம்ஹாரத்தன்னைக்குக் காலையில டாக்டர் வந்தாங்க. அப்பா தறியை நிறுத்திட்டார். பழைய வேட்டியை மடிச்சுத் தறிக்குழி பக்கத்துல போட்டு அதுல படுக்க வச்சோம். முதல்ல மயக்க ஊசி. அவ தூங்கினதுக்கப்புறம் இன்னொண்ணு. தலை மேல ஒரு கை, நெஞ்சு மேல ஒரு கை, ரமணர் மாதிரி வச்சுக்கணும்னு நினைச்சிருந்தேன். நெஞ்சு மேல அப்பா கை ஏற்கனவே இருந்துச்சு. துடிப்பு நின்னதை அவர்தான் முதல்ல சொன்னார்.

ஆயா அந்த ரூமுக்கே வரல. ரெண்டு நாள் என்கிட்ட பேசவும் இல்ல.

புதைக்கறதுக்குக் கொல்லையில வேப்பமரத்தடியில அப்பாவும் நானும் குழி வெட்டினோம். நாய் தோண்டாத அளவுக்கு, இடுப்பளவு ஆழம். வெட்டும்போது அப்பா, "திருப்புட்குழிக்குப் போயிருக்கியா?"ன்னார். பெங்களூரு ரோட்டுல பாலுசெட்டிச்சத்திரம் பக்கத்துல, எங்களுக்கு வண்டியில அரை மணி நேரம் கூட ஆகாது. 108 திவ்யதேசத்துல ஒண்ணு, விஜயராகவப் பெருமாள். புள்ளுக்குக் குழி, அதான் திருப்புட்குழி. ராவணனைத் தடுத்து வெட்டுப்பட்ட ஜடாயுவுக்கு ராமர் தன் கையால இறுதிக்கடன் செஞ்ச இடம்னு தலபுராணம். குளத்துக்கே ஜடாயு தீர்த்தம்னு பேரு. வால்மீகி கணக்குல அது கோதாவரி பக்கம் நடக்குது, வைத்தீஸ்வரன்கோயில்லயும் ஜடாயு குண்டம் இருக்கு. எந்த ஊர்ங்கிற சண்டைக்கு நான் வரல. ஆனா அந்த வைத்தீஸ்வரன்கோயிலோட பழைய பேரைப் பாருங்க, புள்ளிருக்குவேளூர். புள்ளுன்னா ஜடாயு, வேள்னா முருகன். நம்ம செல்வமுத்துக்குமாரசாமி இருக்கற ஊர் பேர்லயே அந்தப் பறவையும் அவரும் சேர்ந்து இருக்காங்க.

ஜடாயு கிழப்பறவை. அறுபதாயிரம் வயசுன்னு அதுவே ராவணன்கிட்ட சொல்லும். தசரதர் செத்தப்ப ராமர் காட்டுல இருந்தார், அப்பாவுக்கு அவரால கொள்ளி வைக்க முடியல. இந்தக் கிழப்பறவைக்கு அப்பா ஸ்தானத்துல வச்சுச் செய்யறார். மனைவியைக் காணோம், தேடி ஓடணும், ஒவ்வொரு நாழிகையும் முக்கியம். அப்பவும் நின்னு, விறகு அடுக்கி, நீர் விட்டுட்டுத்தான் போறார். "ஒரு பறவைக்குப் போயா?"ன்னு லட்சுமணன் கேக்கல.

அப்பா இதையெல்லாம் சொல்லல. "போயிருக்கியா?"ன்னு கேட்டுட்டு மண்வெட்டியை என்கிட்ட கொடுத்துட்டு உட்கார்ந்துட்டார். மத்ததெல்லாம் நான் அப்புறம் யோசிச்சுக்கிட்டது.

சாயங்காலம் மேளச் சத்தம் கேட்டுச்சு. தீட்டு ஒண்ணும் கிடையாது, அது உறவுக்காரங்க சாவுக்குத்தான்னு அம்மா சொன்னாங்க, போயிட்டு வான்னு கூட சொன்னாங்க. என்னால எழுந்திருக்க முடியல. விரதத்தையும் முடிச்சேனான்னு கேட்டா, அம்மா கொடுத்த ரசம் சாதத்தை எப்பச் சாப்பிட்டேன்னே ஞாபகம் இல்ல.

துக்கம் எப்படிப் போகும்னு எனக்கு மெசேஜ் போட்டுக் கேட்ட தம்பிக்கு: எனக்குப் போகல, குறைஞ்சிருக்கு. தண்ணிக் கிண்ணம் நாலும் ஒரு மாசம் இருந்த இடத்துலயே இருந்துச்சு. ஆயாதான் ஒரு நாள் எடுத்துக் கழுவி, மூணை உள்ள வச்சிட்டு, ஒண்ணை வாசல் திண்ணையில தண்ணி ஊத்தி வச்சாங்க. தெருப்பூனைங்க குடிக்கும்ல, அதுக்கு. அன்னைக்குத்தான் என்கிட்ட சரியா பேசினாங்க. "நீ செஞ்சது சரின்னு நான் சொல்லமாட்டேன். ஆனா நீ ஓடிப் போவல"ன்னாங்க. ஊசி போட்டது சரிதானான்னு இன்னும் சில ராத்திரி முழிப்பு வருது. அதை முருகன்கிட்ட விட்டிருக்கேன். வேற எங்க விடறது.

அடுத்த மாசம் சஷ்டிக்குக் குமரகோட்டம் போனேன். அங்க உள்ளயே ஒரு பெருமாள் சன்னதி உண்டு, பல பேர் கவனிக்காம தாண்டிப் போயிடுவோம். அவர் பேரு உருகும் உள்ளத்தான். அங்க கொஞ்ச நேரம் நின்னேன். அப்புறம் முருகன் முன்னாடி வந்து, ஒண்ணும் கேக்காம நின்னேன். கவுண்ட்டர் ஆப்பை போன்ல இருந்து எடுத்துட்டேன்.

அப்பா இப்பவும் குழியில காலை இறக்கறதுக்கு முன்னாடி குனிஞ்சு பார்க்கறார்.

உங்க வீட்டுல பத்து வயசு தாண்டின பூனை இருந்தா, இந்த ஞாயித்துக்கிழமை எடை போட்டுப் பாருங்க, தண்ணி எவ்வளவு குடிக்குதுன்னு பாருங்க, ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துடுங்க. ஏற்கனவே போயிட்ட செல்லம் இருந்தா அதோட பேரை எனக்கு அனுப்புங்க. வர்ற சஷ்டிக்குச் சன்னதியில நிக்கும்போது ஒவ்வொரு பேரா சொல்லி வேண்டிக்கறேன். பேரு என்னவா இருந்தாலும் பரவாயில்ல, ஜிம்மி, பிளாக்கி, எதுவா இருந்தாலும் சரி. நான் சத்தமாவே சொல்றேன்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
வள்ளி மணாளனுக்கு அரோகரா!